பச்சிளங்குழந்தையின் தூக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை வட்டாரத்தில் பிரசவம் முடிந்து தாய்வீடு வந்திருக்கும் பெண்களைப் பார்க்கப் போகும்போது, புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்களையும் உடன் அழைத்துச் செல்வேன். எங்கள் தலைமுறை சொல்லித் திரிந்த பழைய யோசனைகளையே அவர்களும் சொல்லக் கேட்டதால் இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்று அஞ்சி, குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, இருபுறமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுக்கிறார்கள். புளியரை அருகே ஒரு வீட்டில், நாங்கள் திண்ணையில் தடுப்பூசி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திற்குள், இரண்டு மாதக் குழந்தை அந்தத் துண்டின் மேலேயே கவிழ்ந்து மூக்கு புதையக் கிடந்தது. தூக்கியபோது கன்னத்தில் துண்டின் கரை வரிவரியாகப் பதிந்திருந்தது. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. பாட்டியோ, துண்டு சிறிதாகப் போனதுதான் குறை என்றார். உடன் வந்த செவிலியரும் தலையாட்டினார்.

மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைவதால், எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் புக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும்; குப்புறக் கிடந்தால் இது தலைகீழாகிவிடுகிறது. 1992இல் மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்க வைக்கலாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி, ஒருக்களித்த குழந்தை எளிதில் கவிழ்ந்துவிடுவதால் 2005இல் அந்த இரண்டாவது யோசனையைக் கைவிட்டது. நம் ஊரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு வயது வரை, பகல் தூக்கமானாலும், மல்லாக்கவே படுக்க வையுங்கள். குப்புறப் பழக்குவது குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில் மட்டும்.

சாரலுக்குப் பயந்து போர்த்துவது

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி என்று அடுக்கிவிடுகிறார்கள். அளவுக்கு மீறிய வெப்பமும் திடீர் சிசு மரணத்திற்கான (நலமாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவது) ஆபத்தைக் கூட்டும். கைகால் சில்லிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றலாம். எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொன்னபடி.

கடுகுத் தலையணை

வேண்டாம். எந்தத் தலையணையும் வேண்டாம்.

கழுத்துக் கயிறு, தாயத்து

தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

சேலைத் தொட்டில்

துணி குழிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை ஒடுங்கும். அழுகையை அடக்க ஆட்டினாலும், கண்ணயர்ந்ததும் கெட்டியான, சமதளமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே படுக்கை

முதல் ஆறு மாதமாவது குழந்தை தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், கைக்கெட்டும் தூரத்தில் தூங்க வேண்டும். பீடி புகைப்பவரோ குடித்தவரோ பக்கத்தில் படுக்கவே கூடாது. நள்ளிரவில் பால் கொடுக்கும்போது கண் சொக்கும் என்று தோன்றினால் சோபாவில் உட்காராதீர்கள். அங்கே தூங்கிப்போவது இன்னும் ஆபத்தானது. தலையணை, போர்வை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உங்கள் படுக்கையிலேயே பால் கொடுத்து, விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள்.