அமெரிக்க அரசிதழில் புது விதி வந்தால்: படிப்பது எப்படி, கருத்து அனுப்புவது எப்படி?

"எச்-1பி விதி மாறிவிட்டது", "எச்-4 வேலை அனுமதி போச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. (எச்-1பி என்பது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை விசா; எச்-4 அவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும்.) அந்த ஒரு வரியை நம்பி வேலையை விடுவதும், விமான டிக்கெட்டை ரத்து செய்வதும் வேண்டாம். மூல ஆவணத்தின் முதல் பக்கத்தை நீங்களே படித்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் போடும் விதிகள் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியாகின்றன. 1936 முதல் வரும் இந்த இதழ், மத்திய அரசு விடுமுறை தவிர, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வெளியாகிறது.

படி 1: ஆவணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபெடரல்ரெஜிஸ்டர் டாட் கவ் தளத்தின் தேடல் பெட்டியில் '89 எஃப்ஆர் 103054' போன்ற எண்ணை ஆங்கில எழுத்தில் போடுங்கள். 89 என்பது தொகுதி, எஃப்ஆர் என்பது ஃபெடரல் ரெஜிஸ்டர், 103054 என்பது பக்கம். ஆண்டுக்கு ஒரு தொகுதி. 2024-க்கு 89, 2025-க்கு 90. எண் தெரியாவிட்டால் துறையின் பெயரையும் (குடியேற்ற விஷயமென்றால் யுஎஸ்சிஐஎஸ்) தேதியையும் வைத்து வடிகட்டலாம்.

பக்கத்தின் மேலே ஆர்ஐஎன் என்றொரு குறியீடு இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். முன்மொழிவு வந்து ஒரு வருடம் கழித்து இறுதி விதி வந்தாலும், பெரும்பாலும் அதே குறியீட்டில்தான் வரும்.

அச்சுக்குப் போகும் முன்பே ஆவணங்கள் 'பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன்' பகுதியில், வேலை நாட்களில் கிழக்கு நேரம் காலை 8:45-க்குப் பார்வைக்கு வரும். அதில் நடைமுறைத் தேதி சில சமயம் வெற்றிடமாகவோ, 'வெளியான நாளிலிருந்து 30 நாள்' என்றோ இருக்கும். தேதிக் கணக்கை அச்சான பிரதி வந்த பிறகே போடுங்கள்.

படி 2: 'ஆக்‌ஷன்' வரியைப் பாருங்கள்

தலைப்புக்குக் கீழே ஏஜென்சி, ஆக்‌ஷன், சம்மரி, டேட்ஸ் என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் விட முக்கியம் ஆக்‌ஷன் வரி. பெரும்பாலான வதந்திகள் இந்த ஒரு வரியைப் படிக்காததால் பிறந்தவை.

'ப்ரபோஸ்டு ரூல்' என்றிருந்தால் அது வெறும் முன்மொழிவு. இன்று எதுவும் மாறவில்லை. 2023 அக்டோபர் 23 அன்று வந்த எச்-1பி நவீனமயமாக்கல் ஆவணம் அந்த ரகம். 'ஃபைனல் ரூல்' என்றால் சட்டமாகப் போகிறது. அதே எச்-1பி ஆவணம் 2024 டிசம்பர் 18 அன்று இறுதி விதியாகி, 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது.

'இன்டரிம் ஃபைனல் ரூல்' என்ற சொல்லைக் கண்டால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். இதில் விதி முதலில் அமலாகும், கருத்துக் கேட்பது பிறகுதான். வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைத்துவந்த தானியங்கி நீட்டிப்பு 2025 அக்டோபர் 30 அன்று இப்படித்தான் நின்றது. வெளியான நாளே நடைமுறை நாள்.

அதிபரின் பிரகடனம் தனி வகை. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் எச்-1பி கட்டணம் பிரகடனம் மூலம் வந்தது. அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கட்டமே கிடையாது. 'நோட்டீஸ்' என்பது விதியை மாற்றாத அறிவிப்பு. ஆனால் அலட்சியம் வேண்டாம். டிபிஎஸ் போன்ற தற்காலிகப் பாதுகாப்பு முடிவுகள் இதில்தான் வருகின்றன.

படி 3: தேதிகளைப் பிரித்து எழுதுங்கள்

டேட்ஸ் பகுதியில் இரண்டு, மூன்று தேதிகள் கலந்து கிடக்கும். நடைமுறைத் தேதி, விதி குறித்த கருத்துக்கான கடைசித் தேதி, படிவ மாற்றம் குறித்த கருத்துக்கான தனித் தேதி என்று தாளில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக இறுதி விதி, வெளியாகி 30 நாளாவது கழித்துத்தான் அமலாகும். பொருளாதாரப் பாதிப்பு பெரிதான விதிகளுக்கு 60 நாள். 'தகுந்த காரணம்' காட்டி அரசு இதைத் தாண்டிப் போக முடியும்.

யாருக்குப் பொருந்தும் என்பதையும் இங்கேயே பிடித்துவிடலாம். தானியங்கி நீட்டிப்பு ரத்தானது 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே முறையாக விண்ணப்பித்து நீட்டிப்புப் பெற்றவர்களை அது தொடவில்லை. இந்த ஒரு வாக்கியம் ஃபார்வர்டு செய்திகள் பலவற்றில் இல்லாமல் போனது பெரிய கொடுமை.

படிவங்களிலும் கண் வையுங்கள். 2025 ஜனவரி 17 அன்று, எச்-1பி-க்காக நிறுவனம் நிரப்பும் ஐ-129 படிவத்தின் புதுப் பதிப்பு சலுகைக் காலமே இல்லாமல் கட்டாயமானது. பழைய படிவத்தில் அனுப்பினால் விண்ணப்பம் ஏற்கப்படாது. பதிப்புத் தேதி படிவப் பக்கங்களின் அடியில் அச்சாகியிருக்கும்.

படி 4: கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள்

நூறு பக்க ஆவணத்தில் பெரும்பகுதி முன்னுரையும் விளக்கமும்தான். சட்டமாகும் வரிகள் கடைசியில் இருக்கும்: இந்தப் பிரிவில் இந்தப் பத்தியை நீக்கு, இதைச் சேர் என்ற பாணியில். அதைத் தனியாகப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. மத்திய அரசு விதிகளின் தொகுப்பான சிஎஃப்ஆர் இருக்கும் ஈசிஎஃப்ஆர் டாட் கவ் தளத்தில் அதே பிரிவின் நடப்பு வாசகத்தை இன்னொரு ஜன்னலில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எச்-1பி-க்கு 8 சிஎஃப்ஆர் 214.2(எச்), வேலை அனுமதிக்கு 274ஏ.

படி 5: கருத்து அனுப்புங்கள்

குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. விசாவில் இருப்பவரும் எழுதலாம். ஆவணத்தில் உள்ள டாக்கெட் எண்ணை (அந்த விதிக்கான கோப்பு எண்) ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் தேடி, கருத்துப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டியில் 5,000 எழுத்துக்குறிகள் வரை தட்டச்சு செய்யலாம். அதற்கு மேல் போனால் கோப்பாக இணையுங்கள்; கோப்பு ஒன்று 10 எம்பி வரை, மொத்தம் 20 கோப்புகள். யுஎஸ்சிஐஎஸ் விதிகளுக்குக் கருத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

இது வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் ஒட்டினாலும் வாதம் ஒன்றுதான். துறை பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது கனமான வாதங்களுக்கு. எந்தப் பிரிவு, எந்தச் சொல், அது உங்கள் தொழிலில் யாரை எப்படிப் பாதிக்கும், பதிலுக்கு எந்த வாசகம் வேண்டும் என்று எழுதுங்கள். 2023 எச்-1பி முன்மொழிவில், மேற்கொண்டு சிறப்புப் பாடம் இல்லாத பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், லிபரல் ஆர்ட்ஸ் போன்ற பொதுப் பட்டங்கள் போதாது என்றிருந்தது. பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்வது தவறு என்று பலர் எழுதினார்கள். இறுதி விதியில் அந்தப் பட்டப் பெயர்கள் இல்லை; வேலைக்கும் படிப்புக்கும் தர்க்கப்பூர்வமான தொடர்பு இருந்தால் 'நேரடித் தொடர்பு' உண்டு என்ற விளக்கம் சேர்ந்தது. அவ்வளவு நுணுக்கமாக எழுதினால் பலன் உண்டு.

அனுப்புவதெல்லாம் பொதுவில் வெளியாகும். ஏ-எண் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்), பாஸ்போர்ட் எண், சமூகப் பாதுகாப்பு எண், வீட்டு முகவரி எதையும் போடாதீர்கள். விண்ணப்பத்துக்கு யுஎஸ்சிஐஎஸ் தரும் ஐ-797 ரசீதை ஆதாரமாக இணைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே வேண்டாம். பெயர் வெளியிடத் தயக்கமென்றால் பெயரில்லாமல் அனுப்பும் வழி அங்கேயே இருக்கிறது.

கருத்து அனுப்பக் கெடு, கடைசி நாளின் இரவு 11:59 கிழக்கு நேரம்; கலிஃபோர்னியாவில் அது 8:59. அனுப்பியதும் திரையில் வரும் கண்காணிப்பு எண்ணைச் சேமியுங்கள். கருத்து தளத்தில் தெரியச் சில நாட்கள் பிடிக்கலாம். பதறி மறுபடி அனுப்ப வேண்டாம். இறுதி விதி வரும்போது, 'கமென்ட்', 'ரெஸ்பான்ஸ்' என்று மாறி மாறி வரும் பகுதியில் உங்கள் வாதத்துக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று தேடிப் பாருங்கள்.