வியாழனின் ரேடியோ இரைச்சலைக் கேட்பது எப்படி

எலக்ட்ரான் கூட்டம் நிலைகுலைந்தால் எவ்வளவு ரேடியோ இரைச்சல் வரும் என்று பார்க்க நாம் டிரான்ஸ்மிட்டர் எதையும் கட்ட வேண்டாம், வியாழன் கோளே ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர்தான். அதன் துருவங்களை நோக்கிக் காந்தக் கோடுகளைச் சுற்றியபடி இறங்கும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி வளிமண்டலத்தில் மோதித் தொலைந்துவிடும், மீதி திரும்பி மேலேறும். அப்படிச் சமநிலை கெட்ட கூட்டம் தன் கூடுதல் ஆற்றலை ரேடியோ அலையாகக் கொட்டுகிறது. சைக்ளோட்ரான் மேசர் என்பது இதுதான். 1955-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 22.2 மெகாஹெர்ட்ஸில் இதைத் தற்செயலாகப் பிடித்தார்கள்.

நாம் 20.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்கலாம். ஆன்டெனாவுக்கு மொத்தம் 7.1 மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் சமமாக, வெட்டிய இடத்தில் கோஆக்ஸ் கேபிள் (டிவி ஆன்டெனாவுக்குப் போடும் மாதிரியான உருண்டைக் கேபிள்), அதன் மறுமுனை ரிசீவருக்கு. மொட்டை மாடியில் 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகக் கட்டுங்கள். இந்த உயரத்தில் அது நேர் மேலே நன்றாகக் கேட்கும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வியாழன் உச்சிக்கு வரும்போது தலைக்கு மேலேயோ அதற்குக் கொஞ்சம் சாய்ந்தோதான் இருக்கும், அந்த வகையில் நமக்கு நல்ல இடம். இடி மின்னல் வரும் நாளில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

ரிசீவர் ஷார்ட்வேவ் ரேடியோவாக இருக்கலாம், கணினியில் செருகும் ஆர்டிஎல் எஸ்டிஆர் மாதிரி மலிவானதாகவும் இருக்கலாம், ஆனால் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி கெயினை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இரைச்சலின் ஏற்ற இறக்கத்தையே சமப்படுத்திவிடும். ஆன்டெனாவைச் செருகியதும் சத்தம் கூடுகிறதா பாருங்கள், கூடவில்லை என்றால் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு.

உண்மையான எதிரி வீட்டுக்குள்தான் இருக்கிறது. எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே இந்த அலைவரிசையில் கத்தும். ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணைத்துக் கேட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். ஊருக்கு வெளியே வயல் கிடைத்தால் அங்கேயே போய்விடுங்கள், விலை கூடிய ரிசீவர் வாங்குவதைவிட அது பலன் தரும்.

அப்புறம் நேரம். வியாழன் இரவில் உயரத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் நள்ளிரவுக்குப் பிறகு, ஏனென்றால் அப்போது ரேடியோ அலையைத் தடுக்கும் நம் அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மின்னேறிய மேல் அடுக்கு) மெலிந்திருக்கும், தூரத்து ரேடியோ நிலையங்களின் சத்தமும் ஓய்ந்துவிடும். அதோடு அயோ என்ற நிலா எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வியாழனின் நடுத் தீர்க்கரேகை (அந்த நேரத்தில் நம்மைப் பார்த்திருக்கும் தீர்க்கரேகை) 90 முதல் 200 டிகிரி வரை, அயோவின் கோணம் (வியாழனுக்கு நேர் பின்னால் இருக்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவது) 90-ஐ ஒட்டி இருந்தால் வாய்ப்பு மிக அதிகம். தீர்க்கரேகை 200 முதல் 290 வரை, அயோ 195 முதல் 265 வரை என்பது அடுத்த நல்ல வேளை. இதைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு, கையால் போட வேண்டியதில்லை.

கடல் அலை கரையில் வந்து வந்து போவது போல, ஒரு நொடி அளவில் இரைச்சல் ஏறி இறங்கினால் அது வியாழனின் எல் வெடிப்பு (லாங், நீண்டது). படபடவென்று வேகமாகப் பொரிந்தால் எஸ் வெடிப்பு (ஷார்ட், குறுகியது), ஒவ்வொன்றும் சில மில்லி நொடிதான். மின்னல் ஒழுங்கில்லாமல் ஒற்றைச் சொடுக்காக வரும். சந்தேகம் வந்தால் ட்யூனிங்கை அரை மெகாஹெர்ட்ஸ் நகர்த்துங்கள்: நிலையம் என்றால் மறைந்துவிடும், வியாழன் என்றால் பெரும்பாலும் அங்கேயும் கேட்கும். கேட்டதும் உடனே பதிவு செய்து, நேரத்தையும் அலைவரிசையையும் எழுதி வையுங்கள்.