வேளாங்கண்ணிக்கு நடக்குறவங்க மொத நாள் எப்படி நடக்கணும்

பெசன்ட் நகர் மாதா கோயில்ல இருந்து வேளாங்கண்ணிக்கு மொத தடவ நடக்கப்போறவங்களுக்காக இத எழுதுறேன். ஈசிஆர்ல பாண்டி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம்னு 300 கிலோமீட்டர் தாண்டும், ஆகஸ்ட் 29 மாதா திருவிழா கொடியேத்தத்துக்கு போய் சேந்துடணும்னு மொத நாளே வேகமா நடந்துட்டு மரக்காணம் வர்றதுக்குள்ள காலெல்லாம் கொப்புளமாகி அழுதுகிட்டே பஸ் ஏறுனவங்கள நான் பாத்திருக்கேன், அது உங்களுக்கு வேணாம். மொத நாளுக்கு கோவளம் போதும். சுமார் 30 கிலோமீட்டர், அங்கயும் கடற்கரை பக்கம் கார்மேல் மாதா கோயில் இருக்கு.

வேகத்துக்கு எங்க குரூப்புல ஒரு கணக்கு. நடந்துகிட்டே சத்தமா ஜெபமாலை சொல்லுங்க, மூச்சு வாங்காம சொல்ல முடிஞ்சா வேகம் சரி, பாதியில மூச்சு இழுத்தா ஜாஸ்தி, கொறைச்சுக்கோங்க. ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிஷம் ஆகும், மூணு முடிஞ்சதும் கண்டிப்பா உக்காரணும், கால் வலிக்கலன்னாலும் உக்காரணும்.

காலைல மூணு மணிக்கு கெளம்பிடுங்க, ஒம்போது மணிக்கு மேல தார் ரோடு கொதிக்கும், நிழல் பாத்து படுத்துட்டு சாயங்காலம் நாலு மணிக்கு திரும்ப நடங்க. வெறுங்கால்ல நடக்குறேன்னு நேந்துகிட்டவங்க இந்த வெயில் நேரத்துல நடக்கவே கூடாது.

இருட்டுல காவித்துணி வண்டிக்காரங்களுக்கு தெரியாது. மாதா சொரூபம் வச்சு கூடவே தள்ளிட்டு போற தேர் பின்னாடி செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க, கடைசியா வர்றவங்க ஒளிரும் ஜாக்கெட் போட்டு டார்ச் வச்சுக்கணும். தேர் இல்லாம நடக்குறவங்க ரோட்டுக்கு வலது பக்கமா, எதுக்க வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி நடங்க. ஹெட்போன் வேணவே வேணாம்.

இப்ப கால். புது செருப்பு, புது ஷூ எதுவும் வேணாம், பழகுனதுதான். நகத்த ரெண்டு நாள் முன்னாடியே வெட்டிடுங்க. தொடை உரசுற எடத்துல, விரல் இடுக்குல வாசலின் தடவுங்க. குதிகால்ல ஒரு எடம் மட்டும் சுருக்குனு சூடா இருக்குற மாதிரி தோணுனா அந்த நிமிஷமே நின்னு தொடச்சு பிளாஸ்டர் ஒட்டிடணும், போன தடவ கூட வந்த ஒரு தம்பி "பரவால்லக்கா, அடுத்த ஸ்டாப்புல பாத்துக்கலாம்"னு சொல்லி ஒரு மணி நேரம் நடந்தான், சாக்ஸ கழட்டுனப்ப தோலும் சேந்து வந்துடுச்சு. கொப்புளம் வந்தா உடைக்காதீங்க, மேல் தோல உரிக்கவே உரிக்காதீங்க.

தண்ணிய மடக்கு மடக்கா குடிங்க, வழியில நீர்மோர் குடுத்தா வாங்கிக்கோங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்ட சரியா ஒரு லிட்டர்ல கலக்கணும், அர லிட்டர்ல கலக்கக்கூடாது. பொம்பளைங்க பாத்ரூம் இல்லன்னு தண்ணி குடிக்காம நடப்பாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, பெட்ரோல் பங்க்ல கேட்டா விடுவாங்க.

கோவளம் போனதும் கோயில்ல மாதாவ பாத்துட்டு கால கழுவி, செவுத்து மேல தூக்கி வச்சு கால் மணி நேரம் படுங்க. தூங்குறதுக்கு முன்னாடி சாக்ஸ தொவச்சு காய போட்டுடுங்க, விடியக்காலைல ஈரமா இருந்தா பையில இருக்குற இன்னொரு ஜோடிய மாட்டிக்கிட்டு, இத பை வார்ல பின் குத்தி தொங்கவிட்டா நடக்க நடக்க காஞ்சிடும்.