நடுநிலை நாட்டில் நடந்த உளவு நடவடிக்கையை ஆராயத் தொடங்குவது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க்கால இரகசிய நடவடிக்கை ஒன்றை முதன்முதலாக ஆராய்பவர்களுக்கு, ஜெர்மானியரை ஏமாற்றுவதற்காக ஸ்பெயினின் உவெல்வா கடலோரத்தில் பிரிட்டிஷார் போலிக் கடிதங்களுடன் ஒரு சடலத்தை மிதக்கவிட்ட ‘மின்ஸ்மீட்’ நடவடிக்கை ஏற்றது. அதன் கோப்புகள் பெரும்பாலும் வெளிவந்துவிட்டன.

படி 1: ‘நடுநிலை’ என்ற சொல்லை அப்படியே நம்பாமல், சம்பவ நாளன்று அந்த நாடு தன்னை எப்படி அழைத்துக்கொண்டது என்று பாருங்கள். ஸ்பெயின் 1940 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ‘போரில் ஈடுபடாத நாடு’ என்றே அறிவித்திருந்தது. நடைமுறையில் அது ஜெர்மனியின் பக்கம் சாய்ந்திருந்தது. இந்தச் சாய்வை நம்பியே திட்டம் தீட்டப்பட்டது. அதிகாரிகள் பாரபட்சமின்றிக் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பியிருந்தால், சூழ்ச்சி அங்கேயே முடிந்திருக்கும்.

படி 2: கால வரிசை எழுதுங்கள். 1943 ஏப்ரல் 30 அதிகாலையில் செராஃப் நீர்மூழ்கி சடலத்தைக் கடலில் விட்டது. ‘மேஜர் வில்லியம் மார்ட்டின்’ என்ற பொய்ப் பெயருடன் மிதந்தவர், உண்மையில் கிளிண்டூர் மைக்கேல் என்ற வறிய வேல்ஸ்காரர். ஸ்பானியக் கடற்படை வழியாக மாட்ரிட் சென்ற கடிதங்கள், மே மாதத்தில் லண்டன் திரும்பின.

படி 3: பொருட்சான்றை நெருங்கிப் பாருங்கள், எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். உறையின் முத்திரைகளை உடைக்காமல், ஈரமாயிருந்த தாளை மெல்லிய கம்பியில் சுருட்டி, அடிமடிப்பின் இடைவெளி வழியாக உருவியெடுத்துப் படித்த ஸ்பானியர்கள், பின்னர் அதை உப்புநீரில் நனைத்து உள்ளே நுழைத்தார்கள். லண்டனில் உலர்த்தியபோதோ தாள் சுருளத் தொடங்கியது. பிரித்தால் தெரியவேண்டும் என்பதற்காக உள்ளே வைத்திருந்த ஒரு கண்ணிமை முடியையும் காணவில்லை.

படி 4: விளைவைக் கணக்கிடும்போது கஞ்சமாயிருங்கள். லண்டனிலிருந்த பிரிட்டிஷ் தளபதி நை, வட ஆப்பிரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் தளபதி அலெக்சாண்டருக்கு எழுதியதாக அமைந்த கடிதம், உண்மையான இலக்கு கிரேக்கம் என்றும், சிசிலி வெறும் போக்குக்காட்டல் என்றும் குறிப்புணர்த்தியது. ஜூலை 10 அன்று நேச நாடுகள் இறங்கியது சிசிலியில்தான். ஜெர்மனியின் முதலாம் பன்சர் (டாங்கிப் படை) டிவிஷன் பிரான்சிலிருந்து கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டது உண்மையே. ஆனால் கிரேக்கம் அடங்கிய பால்கன் பகுதியைப் பற்றி ஹிட்லர் ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஆகவே கடிதம் வருவதற்கு முந்தைய ஜெர்மன் உத்தரவுகளை ஒரு பத்தியிலும், வந்தபின் வெளியான உத்தரவுகளை அடுத்த பத்தியிலும் எழுதி, வேறுபடும் வரிகளை மட்டும் இந்த நடவடிக்கையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.