பழைய கதவு நிலையில் ஒரு இழைப்புளி

பினாங்கில் எங்காவது பழைய வீட்டைப் புதுப்பித்தால், கழற்றிப் போட்ட கதவு நிலையைக் கேட்டு வாங்கி வாருங்கள். மெர்பாவோ செங்காலோ, பல ஆண்டு காய்ந்து அடங்கிய மரம். சரியாகக் காயாத மரத்தில் நான் செய்த முதல் இழைப்புளி இரண்டே வாரத்தில் முறுக்கிக்கொண்டது. அறுக்கும் முன் காந்தத்தால் தடவிப் பாருங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும்.

தகட்டை மட்டும் கடையில் வாங்குங்கள். மலாயில் இழைப்புளிக்கு 'கெத்தாம்' என்று பெயர். நண்டும் கெத்தாம்தான், அதனால் 'கெத்தாம் காயு' என்று கேளுங்கள். 45 மி.மீ. அகலத் தகடு போதும்.

கட்டை 250 மி.மீ. நீளம், 75 அகலம், 60 உயரம். இரு பக்கமும் 10 மி.மீ. கன்னப் பலகை அறுத்தெடுங்கள். நடுக்கட்டையை 47 மி.மீ. அகலத்துக்கு இழையுங்கள். முன்முனையிலிருந்து 100 மி.மீ. தள்ளி அதை இரண்டாக்குங்கள்: பின்துண்டில் தகடு படுக்க 45 டிகிரிச் சரிவு, முன்துண்டில் எதிர்ப்பக்கமாக 60 டிகிரி. சுருள் மேலே வந்து விழ இந்த வழி வேண்டும்.

ஒட்டுவதற்கு முன், கன்னங்களைச் சேர்த்துப் பிடித்து 12 மி.மீ. குறுக்குக் குச்சிக்குத் துளையிடுங்கள். குச்சிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆப்புக்கு 8 மி.மீ. இடம் விடுங்கள். பிறகு குச்சியையும் கோத்துப் பசையிட்டு, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள்.

அடியில் தகடு எட்டிப் பார்க்கும் இடுக்கான வாயில்தான் பொறுமை வேண்டும். ஒட்டும்போது தகட்டின் நுனி வெளியே வராதபடி வாயை நெருக்கமாகவே வையுங்கள். வாய் மேல்நோக்கி விரிவதால், அடிப்பக்கம் தேயத் தேயத் தானே திறக்கும். கண்ணாடி மேல் 120 உப்புத்தாளை ஒட்டி அடியைத் தேயுங்கள். அப்போது தகடு உள்ளே இழுத்த நிலையில், ஆப்பு இறுகியே இருக்கட்டும். ஆப்பின் அழுத்தத்தில் உடல் லேசாக வளையும், அந்த வளைவோடு சமப்படுத்தினால்தான் வேலை செய்யும்போதும் சமமாக இருக்கும். மெல்லிய சுருள் நுழையும் அளவுக்கு வாய் திறந்ததும் நிறுத்துங்கள். தகட்டு விளிம்புக்கு முன்னால் மர நாரை அழுத்திப் பிடிப்பது அந்தக் குறுகிய வாய்தான். அது அகன்றால் நார் பிய்ந்து எழும்.

தகட்டைத் தீட்டிய சரிவு கீழே இருக்கும்படி வைத்து, ஆப்பைத் தட்டுங்கள். தகட்டின் தலையில் தட்டினால் ஆழம் கூடும். கட்டையின் பின்புறம் தட்டினால் குறையும். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி, தகட்டில் எண்ணெய் தடவி வையுங்கள். ஈரக்காற்றில் மெர்பாவின் சாயம் இரும்பில் கருங்கறையாகப் பிடிக்கும்.