தூர்வாருவதற்கு முன்னால் மேட்டைப் போய்ப் பாருங்கள்

கண்மாயைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊரில் நான்கு பேர் முடிவெடுத்தால் மறுநாளே ஜேசிபிக்குச் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கண்மாயில் தண்ணீர் வந்து நிற்கிறது, அவ்வளவே. அது வருகிற இடம் மேலே இருக்கிறது. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். அதில் எவ்வளவு நிலத்தில் இறங்கும், எவ்வளவு மண்ணை அள்ளிக்கொண்டு கீழே ஓடிவரும் என்பது மேட்டில்தான் முடிவாகிறது.

அதனால் நல்ல மழை நாளில் குடையோடு வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) வழியே மேலே நடந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தால் மேலே அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே சரிவுக்குக் குறுக்கே வரப்பு, புல், ஓடையில் கல் தடுப்பு எதுவும் இல்லாமல் கீழே வாரினால் சில மழையிலேயே மறுபடி மேடாகிவிடும். எங்கள் ஊரில் கண்மாயை வாரி முடித்த பிறகுதான் நடந்தோம், பாதி வழியில் வரத்துக்காலையே காணோம், மேலே பிளாட் கல் நட்டிருந்தது. கிராம வரைபடத்தையும் எஃப்.எம்.பி.யையும் (சர்வே எண்வாரியான நில அளவைப் படம்) முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் ஆழம். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகாது. மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறு ஊறும், சரி, அதுவும் நல்லதுதான், ஆனால் பாசனத்துக்கு என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது, கரை சரிந்துவிடும். (மண் விற்பதற்காகவே நடக்கிற தூர்வாரல் தனிக்கதை.)

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கழுங்கை ஓர் அடி உயர்த்தினால் அவ்வளவும் நமக்கு லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் கழுங்கில் வழிகிற தண்ணீர்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. மேல் பக்கம் உள்வாயை (கண்மாயில் தண்ணீர் தேங்கும் பரப்பு) ஒட்டிய நஞ்சையும் மூழ்கும். இரண்டு ஊரையும் உட்காரவைத்துப் பேசாமல் சிமென்ட் மூட்டையைத் தொடாதீர்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். அதற்காகச் சரிவு முழுவதையும் மழைக்கு முந்தின வாரம் மொட்டையடித்து விடாதீர்கள்.

பணத்தை முதல் வருடமே செலவழித்துவிடுவதும் வழக்கம். மூன்றாம் வருடத்துக்கும் கொஞ்சம் எழுதி வையுங்கள்: ஐப்பசிக்கு முன்னால் வரத்துக்காலில் முள் வெட்ட, தடுப்பில் உருண்ட கல்லை எடுத்து வைக்க, மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுக்க.