மாஸ்க் போட்டதும் காகிள்ஸ் மங்குகிறதா? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட நரம்பைத் தேடும்போது காகிள்ஸ் மங்கினால் எவ்வளவு கஷ்டம் என்று டியூட்டி பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையுறை போட்ட கையால் துடைக்க முடியாது, நடுவில் கழற்றவும் முடியாது. ஆம்ப்யூல் (ஊசி மருந்துக் குப்பி) மேல் இருக்கும் பொடி எழுத்தைத் தப்பாகப் படித்தால் நோயாளிக்கு ஆபத்து. ஊசி முனை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் நமக்கு ஆபத்து.

காவிரி டெல்டாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்துதான் இருக்கும். சித்திரை, வைகாசியில் பிபிஇ என்னும் முழுக் கவச உடைக்குள் வியர்வை ஊற்றும். கரோனா காலத்தோடு முடிந்துபோன விஷயமும் இல்லை இது. டிபி வார்டில் என்95 வேண்டும், லேபர் வார்டில் கண்ணுக்குக் கவசம் வேண்டும். நாகைப் பக்கம் வேலை பார்க்கும் நான் எனக்கு இதைச் சரிசெய்துகொண்ட முறையை, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் எழுதுகிறேன். கை கழுவும் முறை, கவுன் போடும் வரிசை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காரணம்

நாம் விடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. மாஸ்க்கின் மேல் விளிம்புக்கும் மூக்குக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தாலும் மேலே ஏறி, தன்னைவிடக் குளிர்ந்த லென்ஸில் பட்டு நுண்துளிகளாகப் படிந்துவிடும். சேப்ப இலையில் தண்ணீர் நிற்பது போல அந்தத் துளிகள் உருண்டு நிற்கும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாக மங்குகிறது. சோப்பும் ஷாம்பூவும் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. அப்போது அதே ஈரம் உருளாமல் மெல்லிய ஏடாகப் பரவும், அதன் வழியாகப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். என்95 போட்ட பிறகும் லென்ஸின் கீழ்ப்பக்கம் உடனே மங்குகிறதென்றால், மூச்சு வடிகட்டி வழியாகப் போகாமல் மூக்கோரமாகக் கசிகிறது என்று அர்த்தம். வெளியே போக வழி இருந்தால் உள்ளே வரவும் அதே வழி இருக்கிறது. என்95 என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்கிறோமே, அந்தக் கணக்கு வடிகட்டி வழியே போகும் காற்றுக்கு மட்டும்தான். ஓரமாகப் போகும் காற்றுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. மாஸ்க்கைப் பார்க்காமல் நேராக லென்ஸில் ஷாம்பூ தடவினால் ஆவி போய்விடும், கசிவு அப்படியே இருக்கும், அதை நமக்குக் காட்டித்தந்த ஒரே அடையாளமும் போய்விடும். அதனால்தான் மாஸ்க் முதலில், லென்ஸ் பிறகு.

படி 1: மாஸ்க் உட்கார வேண்டிய விதம்

மேல் பட்டை உச்சந்தலையின் பின்பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளக் கூடாது. கிள்ளினால் கம்பி நடுவில் கூராக மடங்கி, மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழும். மூச்சு அந்தப் பள்ளம் வழியே நேராகக் கண்ணுக்குப் போகும். இரண்டு கை விரல் நுனிகளையும் கம்பியின் நடுவில் வைத்து, அழுத்தியபடியே இரு பக்கமும் கன்னம் வரை இறக்குங்கள். எனக்குச் சொல்லித்தந்த சிஸ்டர், "கிள்ளாதேம்மா, தடவு" என்பார். இதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல முடியாது.

அப்புறம் கசிவுச் சோதனை. சுத்தமான இரண்டு கைகளாலும் மாஸ்க்கை முழுதாக மூடி, வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணருகே காற்று அடித்தால் கம்பியை மறுபடி தடவுங்கள். கன்னத்தோரம் அடித்தால் பட்டைகளை நகர்த்துங்கள். பிறகு மூச்சை உள்ளே இழுங்கள், மாஸ்க் முகத்தோடு லேசாக ஒட்ட வேண்டும். எவ்வளவு சரிசெய்தும் காற்று அடித்தால் அந்த அளவு உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. வேறு சைஸோ வேறு மாடலோ கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். உள்ளே டிஷ்யூ மடித்து வைப்பது, அடியில் ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போடுவது இரண்டும் சீலைக் கெடுக்கும். தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: விளிம்பு படும் இடத்தில் தாடி இருந்தால் எந்த என்95-உம் ஒட்டாது.

காதில் மாட்டும் வகையைவிடத் தலையில் மாட்டும் வகையே எனக்குப் பிடிக்கும், இழுவை கூடுதல் என்பதால் விளிம்பு நன்றாகப் படியும். வால்வு வைத்த மாஸ்க்கில் ஆவி குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். நாம் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அந்த வால்வு வழியே நோயாளி மேல் போகிறது. 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையே வால்வு வைத்த மாஸ்க்குகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது.

சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் டேப் உதவும். மைக்ரோபோர் டேப்பை (தோலில் ஒட்டும் காகித டேப்) ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பாதி மாஸ்க் மேல், பாதி தோல் மேல் என்று மூக்குத் தண்டில் குறுக்காக ஒட்டுங்கள். முகத்தில் பவுடர், க்ரீம், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. வியர்வையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கழற்றும்போது கையைச் சுத்தம் செய்த பிறகே டேப்பைத் தொடுங்கள், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்95-க்கு டேப் ஒட்டிக் கசிவை அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 2: காகிள்ஸ் எங்கே உட்கார வேண்டும்

காகிள்ஸின் கீழ் விளிம்பு மாஸ்க்கின் மேல் விளிம்பின் மேல் படிய வேண்டும், அதே சமயம் மாஸ்க்கைக் கீழே தள்ளக் கூடாது. மாட்டிய பிறகு கசிவுச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பக்கவாட்டில் மறைவான காற்றுத் துளை உள்ள காகிள்ஸ்தான் நம் வேலைக்கு ஏற்றது. நேராகத் திறந்திருக்கும் துளை என்றால் ரத்தமோ திரவமோ தெறித்து உள்ளே வரும். துளையே இல்லாமல் இறுக்கமாக மூடியது என்றால் வியர்வை ஆவி வெளியே போகாது.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மாஸ்க்கைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அதன் மேல் கண்ணாடியை உட்கார வையுங்கள்.

படி 3: லென்ஸ்

சோப்பு முறை புதிதல்ல. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் இதழில் 2011-லேயே இது சிறு குறிப்பாக வந்தது: மாஸ்க் போடும் முன் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காற்றில் உலரவிட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் இதை நம் ஊரில் செய்து பார்த்தவர்கள் பலர், "லென்ஸ் முழுக்க வெள்ளைப் படலம்தான் வந்தது, ஆவியே தேவலாம்" என்று விட்டுவிட்டார்கள். என்னையும் ரொம்ப நாள் படுத்தியது இந்தப் படிதான்.

காரணம் தண்ணீர். கடலோர டெல்டாவில், நாகை, வேதாரண்யம் பக்கமெல்லாம், போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. குளியல் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத கசடாக மாறி லென்ஸில் ஒட்டிவிடும். குளியலறை வாளியில் படியும் வெள்ளைக் கறையும் இந்தக் கசடுதான். போதாததற்கு அந்தத் தண்ணீரே காய்ந்தாலும் உப்புப் புள்ளி விழும். மழைக்காலத்தில் லென்ஸ் சீக்கிரம் உலராது என்பதால் புள்ளிகள் இன்னும் பெரிதாக விழும்.

ஆகவே இரண்டு மாற்றம். சோப்புக் கட்டிக்குப் பதில் பேபி ஷாம்பூ. ஷாம்பூவில் இருப்பது வேறு வகைப் பொருள், உப்புத் தண்ணீரிலும் கசடு கட்டாது. பாத்திரம் விளக்கும் லிக்விடும் அப்படித்தான், வேலையும் நன்றாகவே செய்யும். ஆனால் வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கினால் எரியும். கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும் பொருளுக்குக் கண் எரியாத ஷாம்பூதான் சரி என்பது என் முடிவு. இரண்டாவது மாற்றம், கடைசியாக அலசும் தண்ணீர். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தால் அது போதும். இல்லாவிட்டால் கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், ஆட்டோகிளேவுக்கு வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர், எதுவானாலும் ஒரு டம்ளர் போதும்.

இப்போது செய்முறை. லென்ஸை நல்ல தண்ணீரில் நனைத்துத் தூசியைப் போக்குங்கள். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். ஒரு சொட்டு ஷாம்பூவை விரல் நுனியில் எடுத்து, உள்பக்கம் முழுக்க, ஓரங்கள் உட்பட, மெல்லத் தடவுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒரே ஒரு முறை முக்கி எடுங்கள். நுரை போனால் போதும், வழுவழுப்பு முழுதாகப் போகும் வரை அலசக் கூடாது. அந்த வழுவழுப்புதான் நமக்கு வேண்டியது. உதறிவிட்டு, நிழலில் சாய்த்து வையுங்கள். அடைமழையில் உலராவிட்டால் துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். வார்டில் கையில் கிடைக்கிறதே என்று காஸ் துணியை (புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி) எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் லென்ஸைக் கீறிவிடும். டியூட்டிக்குக் கிளம்பும் அரை மணி நேரத்துக்கு முன் செய்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

சோதிக்க, உலர்ந்த லென்ஸ் மேல் வாய் திறந்து "ஹா" என்று ஊதுங்கள். வெள்ளையடிக்காமல் தெளிவாக இருந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் மங்கினால் அங்கே விரல் படவில்லை.

வியர்வை வழிந்தால் இந்தப் படலம் கரையும். அதனால் ஒவ்வொரு டியூட்டிக்கும் புதிதாகத் தடவ வேண்டும். நெற்றியில் வியர்வை இறங்குபவர்கள் தொப்பிக்குள் ஒரு மெல்லிய பருத்திப் பட்டை கட்டிக்கொண்டால் படலம் கூடுதல் நேரம் நிற்கும்.

இவற்றை லென்ஸில் தடவாதீர்கள்

குளோர்ஹெக்சிடின் கலந்த கிருமிநாசினி எதுவும் வேண்டவே வேண்டாம், அது கருவிழியைப் புண்ணாக்கும். ஹேண்ட் ரப், ஸ்பிரிட் இரண்டும் லென்ஸின் மேல்பூச்சைக் கெடுக்கும், ஆவி கண்ணையும் உறுத்தும். பற்பசையில் அரைக்கும் பொருள் இருப்பதால் கீறும். ஆவி படியாத பூச்சோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் காகிள்ஸ் என்றால் உள்பக்கத்தை எதனாலும் தேய்க்காமல் தண்ணீரில் அலசி மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் பூச்சு தேய்ந்து போன பிறகு ஷாம்பூ முறைக்கு வரலாம்.

பின்சேர்க்கை 1

108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, மாஸ்க் சரியாக இருக்கிறது, உள்பக்கம் ஷாம்பூவும் போட்டாச்சு. வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணே தெரியவில்லை."

இது வேறு வகை. இங்கே குற்றவாளி மூச்சு இல்லை, வெளிக்காற்று. மழைக்கால ராத்திரியில் 28 டிகிரி சூடும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூடு, ஏறத்தாழ 25 டிகிரி. ஏசி வண்டியில் லென்ஸ் 22, 23 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். இறங்கியதும் வெளிக்காற்றின் ஈரம் லென்ஸின் வெளிப்பக்கத்தில் படிகிறது. ஏசி வார்டிலிருந்து வராந்தாவுக்கு வரும் எல்லோருக்கும் இதே கதைதான். வெளிப்பக்கமும் ஷாம்பூ தடவுங்கள். போய்ச் சேர இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் லென்ஸ் சூடேறிவிடும். கையால் மட்டும் துடைக்காதீர்கள், அந்தப் பக்கம்தான் அழுக்கான பக்கம்.

பின்சேர்க்கை 2

ஃபேஸ் ஷீல்டு பற்றிப் பலர் கேட்டீர்கள். கீழே திறந்திருப்பதால் அது குறைவாகவே மங்கும். புது ஷீல்டு கலங்கலாகத் தெரிந்தால் முதலில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று பாருங்கள். ஷாம்பூ முறை இதற்கும் பொருந்தும். ஆனால் ஷீல்டு போட்டால் மாஸ்க் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம், ஓரங்கள் எல்லாம் திறந்திருக்கின்றன.

பின்சேர்க்கை 3

"நேற்று தெளிவாக இருந்தது, இன்று அதே காகிள்ஸ் மங்குகிறது" என்று கேட்டவர்களுக்கு: நடுவில் அது ஹைப்போவுக்கு (கிருமி நீக்கும் ஹைப்போகுளோரைட் கரைசல்) போய் வந்திருக்கும். 1 சதவீத ஹைப்போ கரைசலில் ஊறவைத்துக் கழுவியதும் ஷாம்பூ படலம் முழுதாகப் போய்விடும். ஹைப்போவை நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள், மிச்சமிருந்தால் கண் எரியும். நன்றாகக் காய்ந்த பிறகு படி 3-ஐ முதலிலிருந்து செய்யுங்கள். ஈரத்தோடு இருக்கும்போதே ஷாம்பூவை மேலே தடவி நேரத்தை மிச்சம் பிடிக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். உலர்ந்த லென்ஸைப் பார்த்தால்தான் ஹைப்போவின் வெள்ளைத் தடம் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தெரியும்.